டில்லிபாபு எடுத்துப்போன லென்ஸ்

விமானத்தில் கையோடு கொண்டுபோக ஏழு கிலோதான் என்று டில்லிபாபுவுக்கு நான் மூன்று தடவை படித்துக் காட்டினேன். மூன்று தடவையும் தலையாட்டினான். அப்புறம் தன் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடைத் தராசில் வைத்தான். எட்டு கிலோ நூற்றிருபது காட்டியது. தராசு சரியில்லை என்றான். கூரியர் எடை போடுகிற தராசு அது, வருஷா வருஷம் முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். பொய் சொல்கிற வேலையெல்லாம் மனிதர்களுக்குத்தான், என் தராசுக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று சொல்லிப் பையைத் திறக்கச் சொன்னேன்.

என் பெயர் ஷாரோன். ஒரகடத்திலிருந்து வல்லம் போகிற சாலையில் ஜெராக்ஸ், லேமினேஷன், கூரியர், ஆன்லைனில் எதற்கு வேண்டுமானாலும் விண்ணப்பம் போட்டுத் தருவது என்று ஒரு கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை டில்லிபாபுவின் ஸ்டுடியோ. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். நான் யாரையாவது திட்டினால் அவனுக்குக் கேட்கும், அவன் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். பதினொரு வருஷமாக இப்படி. என்னைவிட ஆறு வயது சின்னவன். அதனால்தான் ஒருமையில் சொல்கிறேன், மரியாதை இல்லாமல் இல்லை.

அவன் இந்த மண்ணுக்காரன். கம்பெனிக்காரர்களுக்கு நிலம் போனபோது ஊரில் எல்லாப் பையன்களும் கார் வாங்கி டாக்ஸி விட்டார்கள். இவன் ஒருத்தன் மட்டும் கேமரா வாங்கினான். பைத்தியம் என்றார்கள். டாக்ஸி விட்டவர்கள் இன்றைக்கு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறார்கள், இவன் கடை மட்டும் நடக்கிறது. கான்ட்ராக்ட் லேபர்களுக்கு ஐ.டி. கார்டு போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம் எல்லாம் அவன்தான். இந்த வட்டாரத்தில் சிரித்த முகமோ செத்த முகமோ, அவன் கேமராவுக்குள் வராத முகம் குறைவு.

அப்படிப்பட்டவனுக்கு மலேசியாவிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. பினாங்கில் மின்னணுக் கம்பெனியில் வேலை பார்க்கிற கவியா என்கிற பெண்ணுக்கு அங்கேயே ஒரு தமிழ்ப் பையனோடு கல்யாணம். நம்ம சடங்கு தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும், ஒரகடத்து அண்ணன்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடிக்க, மாப்பிள்ளை வீட்டிலேயே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை விமானம், வெள்ளிக்கிழமை முகூர்த்தம். தாம்பரத்தைத் தாண்டினாலே தலை சுற்றுகிறது என்பவன், பாஸ்போர்ட்டை வாங்கிப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான்.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் வைத்தோம். புதுக் கேமரா. மேடை முழுவதையும் வளைத்து எடுக்கிற லென்ஸ் ஒன்று. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற நீள லென்ஸ் ஒன்று, அது மட்டும் ஒன்றரைக் கிலோ. பிளாஷ் இரண்டு, பேட்டரிகள், சார்ஜர், லேப்டாப். பெட்டியில் போட்டு அனுப்பினால் தூக்கி எறிந்து உடைத்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் கையோடுதான் கொண்டுபோவானாம். சரி, ஒரு பிளாஷையும் லேப்டாப்பையும் எடுத்துப் பெட்டியில் வை என்றேன். மறுபடி எடை போட்டால் ஆறு கிலோவுக்குக் கீழே வந்தது. கணக்கு முடிந்தது என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேஜையில் எண்பத்தைந்து இல்லை.

எண்பத்தைந்து என்பது அவனிடம் இருக்கிற ஒரு குட்டி லென்ஸ், எண்பத்தைந்து மில்லிமீட்டர். டம்ளர் அளவு இருக்கும், கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முகம் எடுக்கிறதுக்கு அதை விட்டால் வேறு கிடையாது என்று அவனே எனக்கு ஆயிரம் தடவை பாடம் நடத்தியிருக்கிறான். பழைய கேமராவில் அதை மாட்டி ஆறடி தள்ளி நின்று எடுத்தால், இருக்கிற மூக்கு இருக்கிறபடி விழும், இருக்கிற கண் இருக்கிறபடி விழும் என்பான். கல்யாணத்துக்குப் போகிறவன் அதை வைக்காமல் போகிறான்.

“பொண்ணு மூஞ்சிய இன்னாத்துல எடுப்ப?” என்று கேட்டேன்.

வெயிட் ஆகும் என்றான். ஒன்றரைக் கிலோ லென்ஸை வைத்துக்கொண்டு கால் கிலோவை வெயிட் என்கிறான். எனக்குக் கோபம் வந்தால் குரல் தெரு முனைக்குக் கேட்கும், அன்றைக்கும் கேட்டிருக்கும். அவன் நீள லென்ஸைத் தடவிக்கொண்டே, மணமேடைக்குக் கிட்டே போகாமல் மண்டபத்துக் கடைசியில் நின்று இதில் இழுத்துக்கொள்வேன் என்றான்.

அப்போதுதான் சில விஷயங்கள் எனக்குச் சேர்ந்து வந்தன. மூன்று வருஷத்துக்கும் மேலாக அவன் யாரையும் கிட்டே போய் எடுப்பதில்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க உட்கார்ந்தவன் ஸ்டுடியோவுக்குள் இருப்பான், இவன் கதவைத் தாண்டி வாசலில் நிற்பான். ஒருமுறை ஒரு வடநாட்டுப் பையன், போட்டோக்காரர் ஓடிப்போய்விட்டார் என்று நினைத்து எழுந்து வெளியே வந்துவிட்டான். நான் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன், காரணம் கேட்கவில்லை. அதே சமயத்தில்தான் அவன் கண் திறக்கிற வேலையையும் விட்டான்.

கண் திறப்பது என்றால், இறந்தவர்களை எடுத்த படத்தில் மூடியிருக்கிற கண்ணைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துத் தருவது. சில வீடுகளில் உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். செத்த பிறகு ஓடி வருவார்கள், மாலை போட ஒரு படம் வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும் என்பார்கள். தன்னிடம் இருக்கிற வேறு யாருடைய படத்திலிருந்தாவது கண்ணை எடுத்துப் பொருத்துவான். சொந்தப் பெண்டாட்டியே கண்டுபிடிக்க மாட்டாள், அத்தனை சுத்தமாக இருக்கும். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரைக்கும் அதற்காகவே அவனைத் தேடி வருவார்கள்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ சொல்லி அனுப்பினேன். சொல்லாமல் உன்னை விடமாட்டேன் என்றேன். டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் பேச ஆரம்பித்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கம்பெனி பஸ் ஏறச் சாலையைக் கடந்த ஒரு பெண்ணை லாரி அடித்துவிட்டது. பூமாரி என்று பெயர், இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். அப்பா சுடலை தகவல் தெரிந்து வந்து சேர்வதற்குள் மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. ஐ.டி. கார்டு போலீசிடம், செல்போன் நொறுங்கிப்போயிற்று. வீட்டில் இருப்பது அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எடுத்த ஒரு படம். அவர்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆகாமல் போன பெண் அந்த வீட்டுக்குக் கன்னி. படம் வைத்து விளக்கேற்றிக் கும்பிடுவார்கள், வருஷம் ஒருமுறை புதுத் துணியும் வளையலும் வைப்பார்கள். கண் மூடிய படத்தை வைத்து எப்படிக் கும்பிடுவது என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். சாயங்காலம் ஆம்புலன்ஸ் கிளம்புகிறது. அதற்குள் வேண்டும்.

டில்லிபாபு பிணவறைக்குப் போய்ப் பழைய கேமராவில் எண்பத்தைந்தை மாட்டி எடுத்தான். முகம் வீங்கியிருந்தது. அந்தக் கம்பெனியின் கான்ட்ராக்டருக்காக அவன் ஒரே காலையில் நூற்று முப்பது பெண்களுக்கு ஐ.டி. கார்டு போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தான். அதில் பூமாரியும் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் படங்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். பெயர்ப் பட்டியல் கான்ட்ராக்டரிடம், அந்த ஆள் போனை எடுக்கவில்லை. வீங்கிய முகத்தோடு நூற்று முப்பது முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து எதுவும் பிடிபடவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நாற்பத்தொன்றாம் நம்பர் பெண்ணின் கண் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி இருந்தது. பெரிய, நேராகப் பார்க்கிற கண். எடுத்துப் பொருத்தினான். கன்னத்து வீக்கத்தைக் குறைத்து, கழுத்தில் ஒரு சங்கிலியும் போட்டுக் கொடுத்தான்.

அந்தப் படத்தை லேமினேஷன் பண்ணியது நான்தான். எத்தனை லட்சணமான பெண் என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த அப்பா படத்தை மார்போடு வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார்.

ஆறு மாதம் கழித்து ஒரு பெண் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தாள். அதுதான் கவியா. இவன் ஆறடியில் நின்று எண்பத்தைந்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே இருந்து பூமாரி பார்த்தாள்.

“கேமராவக் கீய போட்டுட இருந்தேன்க்கா,” என்றான் என்னிடம். “செத்துப்போன பொண்ணு கண்ணு இமைக்குது.”

அந்தப் பெண் ஒன்றும் அறியாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள். அண்ணா, ஐ.டி. கார்டுக்கும் நீங்கதான் எடுத்தீங்க. எனக்கு அடுத்து வரிசையில் என் ரூம்மேட் பூமாரி நின்றாள், நான் கிள்ளிவிட்டு வந்ததில் அவள் போட்டோவில் சிரித்துவிட்டாள், பாவம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று. கவியா கிளம்பிய பிறகு இவன் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறந்து நாற்பத்திரண்டாம் நம்பரைப் பார்த்தான். பல் தெரிய, கன்னம் மேலே ஏற, கண் ரெண்டும் இடுங்கிக் கோடாகிப்போக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணே தெரியாத படம் எதற்கு உதவும் என்று அன்றைக்கு அவன் தள்ளிவிட்ட படம் அது. பக்கத்து நம்பரில் அவளுடைய சொந்த முகம் இருந்தது, இவன் அடுத்தவள் கண்ணை எடுத்து வைத்துவிட்டான்.

உடனே அந்த அப்பாவுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சுடலை வருஷம் தவறாமல் ஐப்பசியில் வருகிறார். மகள் விழுந்த இடத்தில் பூப்போட்டுவிட்டு, ஹாஸ்டல் பெண்களுக்குக் கன்னிக்கு வைத்த வளையல்களைக் கொடுத்துவிட்டு, விளக்குப் புகையில் மங்கின படத்துக்குப் பதிலாகப் புதுப் படம் போட்டு வாங்கிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு வருஷமும் இவன் அதே கண்ணை மறுபடி அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். நானும் மறுபடி மறுபடி லேமினேஷன் போட்டுக் கொடுத்திருக்கிறேன், விஷயம் தெரியாமல்.

அதோடு போயிருந்தால்கூட அவன் எப்படியோ காலத்தை ஓட்டியிருப்பான். உயிரோடு இருக்கிற பெண்ணின் கண்ணுக்கு மாலை போட்டு விளக்கேற்றுகிறார்கள் என்பதுதான் அவனை அரித்தது. இந்த ஊரில் உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் விளையாட்டுக்குக்கூட மாலை மாட்ட மாட்டார்கள். போன மாதம் கல்யாண விஷயமாகப் பேசும்போது கவியா, இப்போதெல்லாம் பார்வை மங்குகிறது, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது, கண்ணாடி போட்டிருக்கிறேன் என்றாளாம். அன்றையிலிருந்து இவன் சரியாகச் சாப்பிடவில்லை. விளக்கு அவள் கண்ணைத் தின்கிறது என்றான்.

பத்து மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் மின்னணுச் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் கண்தான் மங்காது என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, என் கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. ஜெபம் பண்ணுகிறவள்தான் நான், பயப்படாதவள் இல்லை.

இவனுக்கு எந்தப் பெண்ணைக் கிட்டே பார்த்தாலும் அந்தக் கண்தான் வந்து உட்காருகிறதாம். அதனால்தான் வாசலில் நின்று எடுக்கிறான். இப்போது அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரியையே மணவறையில் வைத்து எடுக்க வேண்டும். எண்பத்தைந்து இருந்தால் கிட்டே போயாக வேண்டும். அதைப் பையில் வைக்காமல் விட்டால் போக வேண்டியதில்லை.

ஒரே வழிதான் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை சுடலை வருகிறார். நீ விமானம் ஏறுவதற்குள் அந்தப் படம் அந்த வீட்டுச் சுவரிலிருந்து இறங்க வேண்டும். நாற்பத்திரண்டைப் பெரிதாகப் போட்டு வை, கையில் கொடுத்து உண்மையைச் சொல், அடித்தால் வாங்கிக்கொள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். நான் சொன்னால் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். போய் அச்சடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு சுடலை ஸ்டுடியோவுக்கு வந்தார், நானும் போய் நின்றுகொண்டேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. ஹாஸ்டலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். பூமாரியைத் தெரிந்த பிள்ளைகள் ஒருத்தியும் அங்கே இப்போது இல்லையாம், எல்லாம் புது முகம், ஆனாலும் வளையலை வாங்கிக்கொண்டார்கள் என்றார். துண்டில் சுற்றியிருந்த பழைய படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கீழ்ப்பக்கம் புகையில் பழுப்பேறியிருந்தது. நெற்றியில் குங்குமம் அப்பியிருந்தது. கண் இருக்கிற இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் தேய்ந்து வெளுத்திருந்தது. அது ஏன் அப்படி என்று நான் கேட்டுவிட்டேன்.

“அவ அம்மைதான். வெள்ளிக்கிழமையானா ஈரத்துணி வச்சுக் கண்ண மட்டும் துடைப்பா. அந்தக் கண்ணப் பாத்துதான் பேசுதா, சிரிக்கா. இல்லைன்னா என்னைக்கோ போயிருப்பா,” என்றார்.

டில்லிபாபு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். என் தலையை என்ன செய்வது, அது ஆடிவிட்டது. அவன் மேஜை டிராயரைத் திறந்து நாற்பத்திரண்டை எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் வைத்தான். அவன் விரல்கள் படத்தின் ஓரத்தை விடவே இல்லை. சொல்ல வேண்டிய வார்த்தையை மூன்று நாளாக அவன் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது தகரத் தடுப்பு வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் சுடலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நிதானமாகப் பார்த்தார்.

“இது யாரு தம்பி? பூமாரிகூட வேலை பாத்த புள்ளையா?”

அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. நடிப்பும் இல்லை, இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்து எத்தனையோ முகம் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும். நான்கு வருஷம் காலையும் மாலையும் அந்தப் பெரிய கண்ணைப் பார்த்துப் பார்த்து, பெற்ற பிள்ளையின் முகம் அவருக்குள் அழிந்துபோயிருந்தது. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற எனக்கு, இது உங்கள் மகள் என்கிற மூன்று வார்த்தை வாயில் வரவில்லை.

“நல்லா சிரிக்கா,” என்றார் சுடலை. “இப்ப எங்க இருக்கா? நல்லாருக்காளா?”

“நல்லா கீதுண்ணா,” என்றான் டில்லிபாபு. அவன் குரல் மாதிரியே இல்லை. “வெள்ளிக்கெய்ம கல்யாணம். மலேசியாவுல. நாந்தான் போட்டோ எடுக்கப் போறேன்.”

கவியாவைப் பற்றிச் சொன்னானா, படத்தில் இருப்பவளைப் பற்றிப் பொய் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை என்று அப்புறம் என்னிடம் சொன்னான். சுடலை முகம் மலர்ந்துவிட்டது. மஞ்சள் பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு டஜன் சிவப்பு வளையலை எடுத்தார். கன்னிக்கு வைத்து எடுத்தது, கல்யாணப் பிள்ளைக்கு நல்லது, போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அவன் கையில் வைத்தார்.

“ஒரு காரியம் செய்யணும் தம்பி. அடுத்த வருசம் நான் வாரப்ப அந்தப் புள்ளையோட கல்யாணப் படத்த எனக்குத் தரணும். அவ அம்மைகிட்ட கொண்டுபோய்க் காட்டுவேன். எம்புள்ளகூட இருந்த ஒருத்தியாவது மாலையும் கழுத்துமா நிக்கத அவ பாக்கட்டும்.”

டில்லிபாபு தருகிறேன் என்று சொன்னான். வேறென்ன சொல்வான்? வழக்கமான படத்தைப் போட்டுக் கொடுத்தான். அதை லேமினேஷன் மெஷினில் விட்டது நான்தான். இந்தப் பக்கம் நெற்றி வந்தது, அப்புறம் கண் வரும் என்று தெரிந்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுடலை அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு தாம்பரம் பஸ் பிடிக்கப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான் டில்லிபாபுவைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற மகளையே அந்த மனுஷனுக்கு அடையாளம் தெரியாமல் பண்ணிவிட்டாயே என்று கத்தினேன். கத்திவிட்டு நானே அழுதேன். என் மெஷினில்தானே அந்தக் கண் ஐந்து தடவை போய் வந்தது. அவன் நாற்பத்திரண்டை எடுத்துத் திரும்ப டிராயரில் வைக்கப் போனவன், அதைக் கவிழ்த்து வைக்க மனசில்லாமல் நிமிர்த்தியே வைத்துக்கொண்டு நின்றான்.

திங்கட்கிழமை அவன் கடை திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். தராசில் வைக்காமல் மேஜையில் வைத்து, அந்த ஒன்றரைக் கிலோ நீள லென்ஸை வெளியே எடுத்தான். இன்னொரு கையில் பழைய கேமரா இருந்தது, அதில் எண்பத்தைந்து மாட்டியிருந்தது. மூன்று வருஷம் அலமாரியில் கிடந்ததைத் துடைத்துச் சுத்தம் பண்ணி எடுத்து வந்திருந்தான்.

எனக்கு மனசு இளகிவிட்டது. அப்பாடா, தைரியம் வந்துவிட்டது, கிட்டே நின்று அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து நல்லபடியாக எடுத்துவிட்டு வருவான் என்று நினைத்து, இப்போதுதான் நீ போட்டோக்காரன் என்றேன்.

அதுக்கில்லை அக்கா என்றான்.

நிதானமாகச் சொன்னான். பூமாரி சிரிக்கிற அந்த ஐ.டி. கார்டு படம் இந்தக் கேமராவில், இந்த லென்ஸில், ஆறடி தூரத்தில் எடுத்தது. ஒரு முகத்தை இன்னொரு உடம்பில் பொருத்த வேண்டுமென்றால் அதே லென்ஸ், அதே தூரம் இருக்க வேண்டும். தூரத்து லென்ஸில் எடுத்தால் முகம் தட்டையாகி ஒட்டாமல் நிற்கும், பார்க்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். கவியாவின் கல்யாணப் படம் அவளுக்கு. ஆனால் அந்த வளையலைப் போட்டு, ஆறடியில் நிற்க வைத்து, நேராக ஒன்று தனியாக எடுக்கப் போகிறான். அந்த ஒன்றில் நாற்பத்திரண்டாம் நம்பர் முகம் வரும்.

எனக்கு வந்த கோபத்தில் தராசைத் தூக்கி அடித்திருப்பேன்.

“மறுபடியும் அதே வேலையாடா? கல்யாணப் பொண்ணு ஒடம்புல செத்த பொண்ணு மூஞ்சியா?”

“கவியா மூஞ்சியோட அந்தப் படத்த அவரு கையில குட்த்தா இன்னா ஆவும்னு ரோசன பண்ணிப் பாருக்கா,” என்றான்.

நான் யோசித்துப் பார்த்தேன். சுவரில் நான்கு வருஷமாக அவர்கள் கும்பிடுகிற கண்கள் பட்டுப்புடவையும் மாலையுமாக எதிரே வந்து நிற்கும். அந்த அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள், என் மகள் சாகவில்லை, மலேசியாவில் இருக்கிறாள் என்று. அப்புறம் அந்த வீட்டில் யார் என்ன சொல்லி அவளைப் பிடித்து நிறுத்துவது? படமே இல்லை என்று சொல்லிவிடலாம்தான். அதை நான் சொன்னேன்.

டில்லிபாபு தலையை ஆட்டினான். அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் மட்டும் இல்லையாம். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரு தடவையாவது சொந்த மகள் முகத்தைப் பார்க்க வேண்டாமா, யாரோ என்று நினைத்தாவது பார்க்கட்டும், அவள் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, நன்றாக இரு தாயே என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

“தப்புதான்க்கா. ஆனா இந்த வாட்டி கண்ணு அவளோட கண்ணு.”

நான் எதற்கும் சண்டைக்கு நிற்கிறவள். அன்றைக்கு நிற்க முடியவில்லை. அவன் அந்தக் கேமராவை உள்ளே வைக்க, பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.